டீவிக்குள் அடங்கிய பிறை

பதுளை பஸாரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அவ்வளவுதான். உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் மிஞ்சும். மணிக்கூடு திருத்தும் ஸஹாப்தீனுக்கு விழுந்த பெயர் "ஒத்தப்பிறை".

பெயர் விழுந்த கதை இது. நோன்பு இருபத்தொன்பது ஆன அன்று மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள்; தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு பிடித்து முப்பதை முடிக்க வேண்டும். எண்பத்தைந்தாம் வருஷம் அப்படியொரு மாலையில் ஸஹாப்தீன் ஆஸ்பத்திரி மேட்டில் நின்று மேற்கைப் பார்த்தார். மலை விளிம்பில், இரண்டு மேகத்துக்கு நடுவே, ஒரு வெள்ளைக் கீற்று. இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் பள்ளிவாசலுக்கு வந்து, "பிறை கண்டுட்டன்!" என்றார்.

பள்ளி டிரஸ்டி மொஹிதீன் ஹாஜியார் புடவைக்கடைக்காரர். புடவையில் இழை எண்ணிப் பழகிய மனுஷன், லேசில் எதையும் நம்பமாட்டார். "வேற யாரு கண்ட?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தான்."

ஹாஜியார் ஸஹாப்தீனின் மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றினார். சோடாப் போத்தலின் அடி மாதிரிக் கனத்த கண்ணாடி அது. தன் கண்ணில் வைத்துக் கூரையில் எரிந்த பல்பைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதால பாத்தா எனக்கு ரெண்டு பிறை தெரியுது. உங்களுக்கு ஒண்டுதானா தெரிஞ்ச?"

பள்ளிவாசலே சிரித்தது. வேறு எந்த ஊரிலும் பிறை தென்படவில்லை. முப்பது நோன்பு முடிந்தது, பெருநாள் வந்தது, பெருநாளோடு பட்டப்பெயரும் வந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒத்தப்பிறையார் திருத்தின மணிக்கூடு பெருநாளையே ஒரு நாள் முந்திக் காட்டும் என்று பேசிச் சிரித்தார்கள். ஹாஜியார் தன் பொன்னிறக் கைமணிக்கூட்டைத் துடைப்பதற்குக்கூட ரயில் கோச்சியில் பண்டாரவளைக்கு அனுப்பத் தொடங்கினார். அதுதான் ஸஹாப்தீனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மணிக்கூடு திருத்துகிறவனுக்கு அவன் சொல்தானே சொத்து! "இது சரியாக ஓடும்" என்று அவன் சொன்னால் நாலு பேர் நம்ப வேண்டாமா? யாரிடமும் சொல்லாத இன்னொரு முள்ளும் இருந்தது. வருஷம் போகப் போக, அன்று கண்டது பிறையா மேகமா என்று அவருக்கே உள்ளுக்குள் ஆட்டம் கண்டிருந்தது. வெளியே மட்டும், "கண்டதெண்டால் கண்டதுதான்!" என்று மேசையில் தட்டுவார்.

எண்பத்தெட்டாம் வருஷம், நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில், அவருடைய மச்சான் ஸரூக் கொழும்பிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான். அவன் வேலை செய்த மாணிக்கக்கல் கடையில் இரவுக் காவலுக்கு மாட்டியிருந்த வீடியோ கமரா அது. கடைக்காரர் புதிது வாங்கியதும் பழையதை இவனிடம் தள்ளிவிட்டிருந்தார். "மச்சான், இத இருட்டுக்குள்ள வெச்சா எலி மீசைய ஆட்டுறதும் டீவியில தெரியும்" என்றான் ஸரூக். கல்யாண வீட்டுப் படக்காரர்களிடம் இருக்கும் கமராக்களுக்கு விளக்கைப் பிடித்து மாப்பிள்ளையை வேகவைக்க வேண்டும். இதற்கு ஒரு நெருப்புக்குச்சி வெளிச்சம் போதும்.

ஸஹாப்தீன் அன்றிரவே அதன் முன்பக்கத்து லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டார். கழற்றாமல் விடுவாரா, மணிக்கூடு திருத்துகிற கை அல்லவா! உள்ளே பெருவிரல் நகம் அளவில் ஒரு கண்ணாடி முகம் தெரிந்தது. லென்ஸ் இருந்த இடத்தில் வேறொரு லென்ஸ் வந்தால் என்ன, அது பெரிய லென்ஸாக இருந்தால் என்ன என்று யோசித்தார். யோசித்தபடியே உறங்கிப்போய், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப ஓதும் ஆள் தப்படித்து வருவதாகக் கனவு கண்டு, நோன்பு தொடங்காமலே சோறு கேட்டு மனைவி ஸுபைராவை எழுப்பினார்.

பெரிய லென்ஸ் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஊருக்கு மேலே நாகமலைத் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில், முந்தின காலத்து வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன தொலைநோக்கி ஒன்று ஸ்டோரில் கிடந்தது. பெக்டரி எலக்ட்ரீஷியன் பொன்னையா சுவர் மணிக்கூட்டைத் திருத்தக் கொண்டுவரும்போதெல்லாம், பஸார் வழக்கப்படி இவரை அண்ணனாக்கி "நானா" என்று அழைத்து அதைப் பற்றிச் சொல்வார். ஆள் நீளம், பித்தளைக் குழாய், மூன்று கால். துரை அதை வைத்து நட்சத்திரம் பார்த்தாரா, கொழுந்து பறிக்கிறவர்கள் வேலை செய்கிறார்களா என்று பார்த்தாரா என்பதில் தோட்டத்தில் இரண்டு கட்சி உண்டு.

பதுளை டவுன் ஒரு கிண்ணத்தின் அடி. சுற்றிலும் மலை. பிறை கண்ணுக்கு எட்டும் முன்பே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். பெக்டரி முற்றத்தில் நின்றாலோ மேற்கு திறந்து கிடக்கும். அங்கே கரண்டும் இருந்தது. இனி என்ன வேண்டும்?

பொன்னையாவும் ஸஹாப்தீனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று அதைப் பொருத்தினார்கள். கமராவும் குழாயும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கடைசியில் ஃபிலிம் ரோல் வரும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியை வெட்டிச் செருகியதும் மாமன் மகளுக்குச் செய்த வளையல் போலப் பொருந்தியது. உருவம் பெரிதாகத் தெரியட்டும் என்று ஸஹாப்தீன் தன் பூதக்கண்ணாடிகளில் ஒன்றின் வில்லையையும் நடுவில் வைத்தார்.

நோன்பு பதினாலில் முழு நிலவு ஏறும் நேரம் முதன்முதலாக டீவியை முடுக்கினார்கள். பொன்னையாவின் மனைவி ஜெயலெட்சுமி தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள். திரை முழுக்க ஒரே வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

"கெட்டுப்போச்சுங்களா?" என்றாள்.

கெடவில்லை. எலி மீசைக்கென்று செய்த கமராவுக்கு முழு நிலவைக் காட்டினால் கண் கூசாதா? குழாயின் வாயை மட்டையால் மூடி, மட்டையில் ஒரு ஓட்டை போட்டதும் வெள்ளை கலைந்தது. குழி, மேடு, கோடு என்று நிலவின் தோல் தெரிந்தது. ஆனால் முழு நிலவு தெரியவில்லை. திரைக்குள் கொள்ளாமல் வழிந்தது. பொன்னையா குழாயைத் திருப்பத் திருப்ப ஒரு விளிம்பு வரும், மறு விளிம்பு போய்விடும்.

"பொட்டி பத்தலைங்க" என்று சிரித்தாள் ஜெயலெட்சுமி.

அடுத்த நாளே ஸஹாப்தீன் ஹாஜியாரின் கடை வாசலில் நின்றார். "ஹாஜியார், நான் ஒருத்தன் பாக்க வேணாம். ஊரே பாக்கட்டும். நாகமலைக்கு வாங்க."

ஹாஜியார் புடவையை மடித்துக்கொண்டே கேட்டார். கேலி செய்ய வாய் வந்தது. ஆனால் இவருடைய முகத்தைப் பார்த்து அதை விழுங்கிவிட்டார். "டீவியில கண்டா அது சாட்சியில்ல. அது இடத்தக் காட்டட்டும். அப்புறம் நாங்க கண்ணால தேடிப் பாக்கணும். அதுக்குச் சம்மதமா?"

"ஓ, சம்மதம்."

அதன்பிறகு தினமும் மாலையில் மழை. மே மாதத்து ஊவா மாகாண மழை பின்னேரம் மூன்று மணிக்கு வந்தால் எட்டுக்குத்தான் விடைபெறும். மேற்கைப் பார்த்துப் பழக ஒரு மாலைகூடக் கிடைக்கவில்லை. ஸஹாப்தீன் வானத்தைத் திட்டவும் முடியாமல், நோன்பு வாயோடு முனகிக்கொண்டு திரிந்தார்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று மட்டும் வானம் துடைத்துவிட்டாற்போல் வெளுத்தது. ஒரு பஸ்ஸும் இரண்டு வேனும் நிறைய பஸார்க்காரர்கள் நாகமலைக்கு ஏறினார்கள். பிறை பார்க்க வந்தவர்கள் பாதி, ஒத்தப்பிறையாரின் கூத்தைப் பார்க்க வந்தவர்கள் மீதி. ஸுபைரா நோன்புக் கஞ்சி அண்டாவோடு வந்திறங்கினாள். தோட்டத் தொழிலாளர் லயத்துச் சனமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் கூடிவிட்டது. டீவியைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார் பொன்னையா.

சூரியன் மலைக்குப் பின் இறங்கியது. பேரீச்சம்பழமும் கஞ்சியுமாக நோன்பு திறந்தார்கள். ஜெயலெட்சுமி வாளியில் தேத்தண்ணி கொண்டுவந்து ஊற்றினாள். மஃரிபுத் தொழுகையை முற்றத்திலேயே முடித்துக்கொண்டு எல்லாரும் திரைக்கு முன் குந்தினார்கள்.

ஸஹாப்தீன் குழாயைப் பிடித்தார்.   மலை விளிம்பிலிருந்து தொடங்கி இடம் வலமாகத் துழாவினார். திரையில் சாம்பல் நிறம் மட்டும் ஓடியது. கொஞ்சம் உயர்த்தினார். சாம்பல். இன்னும் உயர்த்தினார். யாரோ கொட்டாவி விட்டார்கள். யாரோ, "ஒத்தப்பிறை இண்டைக்கு அரைப்பிறையும் காட்டாது போல" என்றார்கள். ஸஹாப்தீனுக்குக் காது சுட்டது. குழாயை ஒரு வெட்டு வெட்டி மேலே தூக்கினார்.

திரையில் ஏதோ ஒன்று மின்னி ஓடியது.

"நில்லுங்க நானா! பின்னுக்கு, பின்னுக்கு!" என்று கத்தினார் பொன்னையா.

ஸஹாப்தீன் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். வந்து நின்றது பிறை. சாம்பல் வானத்தின் நடுவில், வெட்டிப் போட்ட நகம் மாதிரி வெள்ளையாய், வளைவாய், இரண்டு கொம்பும் கூராக.

முற்றம் இடிந்து விழாத குறை. "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கியது. லயத்துப் பிள்ளைகள் காரணம் தெரியாமலே கைதட்டினார்கள். "அந்தா, எனக்கும் தெரியுது!" என்று ஒருவர் வடக்கே காட்டினார், "எனக்கும்!" என்று இன்னொருவர் தெற்கே காட்டினார். கண்ணால் தேட வேண்டும் என்ற நிபந்தனையை யாரோ நினைவூட்ட, மொஹிதீன் ஹாஜியாரே, "டீவியக் கண்ணாலதானே பாத்த, மூக்காலயா பாத்த?" என்று பாய்ந்தார். முப்பதாவது நோன்பு என்பது எல்லாருக்கும் அப்படித்தான். இழை எண்ணுகிறவருக்கும் வயிறு ஒன்றுதானே.

ஹாஜியார் ஸஹாப்தீனைக் கட்டிப்பிடித்தார். "ஸஹாப்தீன், அண்டைக்கு நான் செஞ்சது பிழை. எல்லாரும் கேட்டுக்கோங்க, இனிமே யாரும் இவர ஒத்தப்பிறை எண்டு செல்லப்படாது!" என்று முற்றத்துக்கே கேட்கச் சொன்னார். பிறகு கொழும்புக்கு ட்ரங்க் கோல் எடுக்க பெக்டரி ஆபீசுக்குள் விறுவிறு என்று போனார். கொழும்பு பிறைக் குழு அறிவித்தால் நாடே பெருநாள் கொண்டாடும்.

 ஸஹாப்தீனின் மூன்று வருஷத்து முள் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கூட்டத்தில் ஸுபைரா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. இந்த உலகத்தில் இனி அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

தேத்தண்ணி வாளியோடு பக்கத்தில் வந்த ஜெயலெட்சுமி திரையை எட்டிப் பார்த்தாள். "நானா, அன்னைக்கு நெலா பொட்டிக்குள்ள கொள்ளாம வழிஞ்சிச்சே. இன்னைக்கு எப்புடிங்க இம்புட்டூண்டா அடங்கிக்கிச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டாள்.

ஸஹாப்தீன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

பிறை மெலிந்தால் வயிறுதான் ஒட்டும். கொம்புக்குக் கொம்பு அகலம் குறையாது. முழு நிலவு திரைக்கு அடங்கவில்லை என்றால் பிறையும் அடங்கக்கூடாது. ஒரு கொம்பு திரையின் இந்த ஓரத்திலும் மறு கொம்பு வெளியேயும் கிடக்க வேண்டும். இதுவோ நகம் அளவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. குழாய் அதே குழாய், வில்லை அதே வில்லை.

மெல்ல எழுந்து குழாயின் பின்னால் குனிந்து, அது காட்டும் திசையில் வெறும் கண்ணை ஓட்டினார். சூரியன் விழுந்த இடத்துக்கும் அதற்கும் வெகு தூரம். குழாய் உயரத்தில், மிக உயரத்தில் நின்றது. வெளிச்சம் மங்கிவிட்ட அந்த வானத்தில், குழாயின் நுனிக்கு நேரே, பளீரென்று ஒரு வெள்ளி எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் மழை மேகத்துக்குப் பின்னால் எரிந்த அதே மாலை வெள்ளி, சுக்கிரக் கிரகம்.

குழாயை விரலால் லேசாகத் தள்ளினார். திரையில் பிறை ஓடி மறைந்தது. வெள்ளிக்கு நேரே திருப்பினார். பிறை வந்து நின்றது.

வெள்ளிக்கும் பிறை உண்டா? ஐம்பது வயது வரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஒரு கணம் ஆச்சரியத்தில் எல்லாவற்றையும் மறந்தார். மறு கணம் எல்லாம் நினைவு வந்தது.

யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காவிட்டால் போதும். நாளைக்குப் பெருநாள், அவர் பெயரைச் சொல்லிக் கட்டிப்பிடிப்பார்கள். திறந்தால் ஒத்தப்பிறை ஒன்றுக்கு இரண்டாகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைத் தன் கையாலேயே உடைக்கச் சொன்னால் யார்தான் உடைப்பார்? ஆனால் மேலே இருப்பது பிறையில்லை என்று தெரிந்துகொண்டு ஒரு நாட்டின் நோன்பை உடைக்கலாமா? ஆபீசுக்குள் போன் கிணுகிணுத்தது. "ஹலோ! கொழும்பா? பதுளையிலிருந்து மொஹிதீன்!" என்ற குரல் ஜன்னல் வழியே வந்தது.

ஸஹாப்தீன் ஓடினார். மூன்று வருஷத்துக்கு முன் ஓடின அதே ஓட்டம், சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"செல்லாதீங்க ஹாஜியார்! பிறையில்ல!"

ஹாஜியார் போனை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்தார். கண் பிதுங்கியது. "என்ன பேசுறீங்க? நீங்கதானே காட்டின!"

"நான்தான் காட்டின. பிழையாக் காட்டிட்டன். அது வெள்ளி. குழாய்க்குள்ள பாத்தா வெள்ளியும் பிறை மாதிரி ஈக்கு. வந்து பாருங்க."

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. யாரோ, "அப்ப அண்டைக்குக் கண்ட பிறை?" என்று சிரித்தார்கள். ஸஹாப்தீன் திரும்பி அவர்களைப் பார்த்தார். குரல் உடைந்துதான் வந்தது, ஆனாலும் வந்தது. "அண்டைக்கு நான் கண்டது பிறையா மேகமா எண்டு எனக்கே இப்ப தெரியாது. மூணு வருஷமா வீம்புக்குத்தான் சத்தம் போட்டன். ஆனா இது பிறையில்ல. இது எனக்கு நல்லாத் தெரியும்."



ஹாஜியார் போனை மேசையில் படுக்கப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தார். "ஹலோ பதுளை! ஹலோ!" என்று மேசையில் கொழும்பு கத்திக்கொண்டே கிடந்தது. அவர் குழாயின் பின்னால் குனிந்து வெள்ளியைப் பார்த்தார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். பொன்னையா குழாயை ஆட்டிக் காட்டினார். பிறை போனது, வந்தது. ஹாஜியார் மூன்று தடவை ஆட்டச் சொன்னார். இழை எண்ணுகிற புத்தி திரும்பிவிட்டது. பிறகு சூரியன் விழுந்த மலை விளிம்பை நெடுநேரம் வெறும் கண்ணால் தேடினார். எல்லாரும் தேடினார்கள். அங்கே ஒரு கீற்றும் இல்லை.

"அல்லாட குத்ரத்து, அவன்ட வல்லமை! வெள்ளிக்கும் பிறையா!" என்று சொல்லிக்கொண்டே அவர் ஆபீசுக்குப் போனார். போனை எடுத்தார். 

"பதுளையில பிறை தென்படல்ல... ஓ, வானம் வெளிச்சுத்தான் ஈக்கு... நிச்சயமா எண்டா? எங்கட ஸஹாப்தீன் இல்ல எண்டு செல்றார். அவர் இல்ல எண்டா இல்லதான்."

போனை வைத்தார்.

பெருநாளை எதிர்பார்த்து வந்தவர்கள் முனகிக்கொண்டேதான் பஸ் ஏறினார்கள், பொய் சொல்வானேன். ஆனால் ஏறும் முன் ஒவ்வொருவரும் இன்னொரு தடவை திரையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். லயத்துச் சனம் போகவே இல்லை. வெள்ளி மலைக்குள் இறங்கும்வரை ஜெயலெட்சுமி ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஸுபைரா மீதிக் கஞ்சியை அவர்களுக்கு ஊற்றினாள்.

"நீங்க செல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிரிக்காது" என்றாள் திரும்பும் வழியில் கணவனிடம். "செல்லாம விட்டிருந்தா, எனக்குத் தெரிஞ்ச நாளையில உங்களோட பேசியிரிக்கமாட்டன்." அவள் சொன்னது அவ்வளவுதான். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் முப்பதாவது நோன்பு. பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு மொஹிதீன் ஹாஜியார் ஸஹாப்தீனின் கடைப் படியேறினார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. கையிலிருந்த பொன்னிற மணிக்கூட்டைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"ஓட்டம் சரியில்ல. பாத்துச் செய்ங்க. பெருநாளைக்கு முந்தி வேணும்."

ஸஹாப்தீனுக்குக் குறும்பு தாங்கவில்லை. "பெருநாள் எப்ப ஹாஜியார்?"

படியில் இறங்கப்போனவர் திரும்பிப் பார்த்தார். "அத நீங்கதானே நேத்துச் செல்லிட்டீங்க" என்றுவிட்டு வெயிலுக்குள் நடந்தார்.

ஸஹாப்தீன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். சக்கரம் சக்கரமாகப் பார்த்தார். தூசி இல்லை, தேய்வு இல்லை, எண்ணெய்கூடக் காயவில்லை. சுவர் மணிக்கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நொடி வித்தியாசம் இல்லை. திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இருக்கவில்லை.